தரவு ஆளுகையை உங்கள் நிறுவனத்தின் அளவுக்குத் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவு ஆளுகைப் பொறுப்பு தலையில் வந்து விழுந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பொறுப்பை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குவதில்லை. தணிக்கையில் ஒரு கேள்வி எழும், அல்லது ஒரே கூட்டத்தில் இரண்டு ரிப்போர்ட்டுகள் இரண்டு விதமாகப் பேசும். மறுநாள் காலை ஒருவருக்கு மின்னஞ்சல் வரும். அந்த ஒருவருக்காக எழுதியது இது.

தரவு ஆளுகை என்றால் என்ன? தரவு மேலாண்மையும் இதுவும் ஒன்றுதானா?

ஒரு தரவைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, அந்த முடிவுக்கு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான் ஆளுகை. 'வாடிக்கையாளர்' என்று யாரைச் சொல்வது, முகவரி தவறாக இருந்தால் யார் திருத்துவது, சம்பள விவரத்தை யார் பார்க்கலாம், பழைய பதிவுகளை எப்போது அழிப்பது: இந்த மாதிரி விஷயங்கள். சர்வர், பேக்கப், தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் பைப்லைன் எல்லாம் மேலாண்மை.

ஆளுகையே இல்லாத நிறுவனம் என்று ஒன்று கிடையாது. "அந்த டேபிள்ல கை வைக்கணும்னா அவரைக் கேட்டுக்கோங்க" என்று எல்லா ஆபீஸிலும் ஒருவரைக் காட்டுவார்கள். அந்த 'அவர்'தான் அங்கே ஆளுகை. அவர் இரண்டு வாரம் லீவில் போனால் மற்றவர்களுக்கு உறைக்கும்.

தயாராக இருக்கும் ஒரு சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன?

எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்க எடுத்துக்கொள்ளுங்கள், திட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தரவு மேலாண்மைத் தொழில்முறையாளர்களின் சங்கமான டாமாவின் டிஎம்பாக் வழிகாட்டி, 2017இல் வந்த இரண்டாம் பதிப்பில், தரவு வேலைகளை 11 துறைகளாகப் பிரித்துச் சக்கரமாக வரைந்து, நடுவில் ஆளுகையை வைக்கிறது. படம் அருமை. ஆனால் பதினொன்றையும் ஒரே ஆண்டில் தொடங்குகிறவர்கள் பதினொன்றையும் பாதியில் விடுவார்கள்.

வங்கிகள் தங்கள் இடர்த் தரவை எப்படித் திரட்டிச் சொல்ல வேண்டும் என்ற பிசிபிஎஸ் 239 இன்னொன்று. 2008 நிதி நெருக்கடியின்போது பெரிய வங்கிகளால் தங்கள் இடர் மொத்தம் எவ்வளவு என்று வேகமாகக் கூட்டிச் சொல்ல முடியவில்லை. அந்தப் பாடத்திலிருந்து, வங்கி மேற்பார்வைக்கான சர்வதேச அமைப்பான பேசல் குழு 2013 ஜனவரியில் 14 கோட்பாடுகளை வெளியிட்டது. உலகின் மிகப் பெரிய வங்கிகளுக்கு 2016 ஜனவரி வரை கெடு. கெடு கடந்த பிறகும் பல வங்கிகள் முழுமையாக நிறைவேற்றவில்லை என்று குழுவின் முன்னேற்ற அறிக்கைகளே சொல்கின்றன. பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத இடத்திலேயே அப்படி என்றால், அந்தச் சட்டையை நாம் ஏன் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்?

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். தொடக்க காலத்தில் ஒரு நிறுவனத்துக்கு 60 பக்கக் கொள்கை ஆவணம் எழுதிக் கொடுத்தேன். பதிப்பு எண், ஒப்புதல் பக்கம், எல்லாம் கச்சிதம். பிறகு பார்த்தால், அதைத் திறந்து படித்தவர்கள் இரண்டே பேர்: தணிக்கையாளர், எழுத்துப்பிழை தேடிய நான்.

அப்படியானால் அளவெடுப்பதை எங்கே தொடங்குவது?

வலிக்கும் இடத்தில். எடுத்துக்காட்டாக ஒரு மாதாந்தரக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் என்று கேட்கிறார்கள். விற்பனைப் பிரிவு 12,480 என்கிறது. நிதிப் பிரிவு 9,315. உதவி மையம் 14,002. அடுத்த அரை மணி நேரம் யாருடைய எண் சரி என்ற சண்டையிலேயே போகிறது. கூட்டம் எதற்காகக் கூடியதோ அது அப்படியே நிற்கிறது.

இதில் வேடிக்கை, மூன்றுமே சரி. விற்பனை, பதிவு செய்த எல்லோரையும் எண்ணுகிறது. நிதி, கடந்த 90 நாட்களில் பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுகிறது. உதவி மையம் மின்னஞ்சல் முகவரிகளை எண்ணுகிறது. ஒரே ஆள் இரண்டு முகவரியிலிருந்து எழுதினால் இரண்டு பேர். இங்கே தரவுத்தளத்தைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தால் காசுதான் செலவாகும். இங்கே இல்லாதது ஒரு சொல்லின் பொருள். அதைச் சொல்லி முடிக்க அதிகாரம் உள்ள ஓர் ஆள்.

இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு வேண்டாம். கடந்த ஆறு மாத டிக்கெட்டுகளை (உதவி கேட்டு வந்த புகார்ப் பதிவுகளை) எடுத்து, "இந்த எண் ஏன் மாறுது?", "எனக்கு ஆக்சஸ் கிடைக்கல", "பழைய முகவரிக்கே போயிடுச்சு" என்று வந்தவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு துறையிலும் ஒருவரிடம் உட்கார்ந்து, "உங்களுக்கென்று தனியாக எந்த எக்செல் ஷீட் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்துக் காட்டுவார்கள். அதிகாரப்பூர்வ அமைப்பை நம்பாமல் ஒருவர் மாதாமாதம் கையால் திருத்தி வைத்திருக்கும் அந்த ஷீட்டைவிட நல்ல நோய்க்குறி வேறு கிடையாது.

கையில் ஒரு பட்டியல் சேர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷயம் பாருங்கள். இது தவறினால் என்ன போகும்: பணமா, சட்டச் சிக்கலா, வெறும் எரிச்சலா? இதைத் தீர்த்துவைக்கக்கூடிய ஆள் தீர்க்க விரும்புகிறாரா? இரண்டாவதைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். மிகப் பெரிய வலியை விட்டுவிட்டு, ஒத்துழைக்கும் துறைத்தலைவர் இருக்கும் நடுத்தர வலியில் தொடங்குங்கள் என்பேன். முதல் வேலை முடிந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவதற்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

ஒரு வரையறையை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

மேலே சொன்ன சண்டையை முடித்த அட்டை இப்படி இருக்கும்:

சொல்: செயலில் உள்ள வாடிக்கையாளர்
பொருள்: கடந்த 90 நாட்களில் குறைந்தது ஒரு பில்லுக்குப் பணம் செலுத்திய நிறுவனம்
சேராதவை: இலவசச் சோதனைக் கணக்குகள், நம் ஊழியர்களின் கணக்குகள், முழுத் தொகையும் திரும்பப் பெற்றவர்கள்
எண்ணும் அலகு: பில் போகும் நிறுவனம், பயனர் அல்ல
எங்கிருந்து எடுப்பது: பில்லிங் அமைப்பு மட்டும்
முடிவு சொல்பவர்: நிதித் துறைத் தலைவர்

ஆறே வரி. இதில் 'பொருள்' பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். 'சேராதவை' என்ற வரிக்குத்தான் அரை நாள் ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு விலக்குக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய இலக்கு இருக்கிறது. அந்த வாக்குவாதத்தைத் தவிர்க்காதீர்கள். நீங்கள் வாங்கும் சம்பளம் அதற்குத்தான். விற்பனைப் பிரிவின் 12,480ஐ யாரும் பறிக்க வேண்டியதில்லை. அதற்குப் 'பதிவு செய்த கணக்குகள்' என்று வேறு பெயர் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும்.

அலகை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்தபோது அழிந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-நொடியில் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்தான்.

நாங்கள் 40 பேர்தான். எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

ஆளுகைக்கென்று தனிக் கவுன்சில் வேண்டாம், கொள்கை ஆவணம் வேண்டாம். பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேலே உள்ளது போன்ற அட்டைகள், யாருக்கு எதில் ஆக்சஸ் என்ற ஒரு பட்டியல், எதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று ஒரு பக்கம். வாரத்தில் சில மணி நேரம் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். யாராவது வேலையை விட்டுப் போன அன்றே அவருடைய ஆக்சஸை நிறுத்துகிறீர்களா என்று மட்டும் இன்றே பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மையக் குழு முடிவெடுப்பதா, துறைகளிடமே விடுவதா?

உங்கள் நிறுவனத்தில் பட்ஜெட் எப்படி முடிவாகிறது என்று பாருங்கள்; பெரும்பாலும் விடை அதிலேயே இருக்கும். பணத்தைத் தலைமையகம் எண்ணிக் கொடுக்கும் இடத்தில் தரவுக்கும் மையக் குழு செல்லுபடியாகும். ஒவ்வொரு பிரிவும் தன் லாப நஷ்டத்தைத் தானே பார்க்கும் இடத்தில் மையக் குழுவின் சுற்றறிக்கையை யாரும் மதிக்கப்போவதில்லை.

நடுவழி, கூட்டு முறை. பொதுவில் கட்டாயம் என்பதைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளர், பொருள், ஊழியர் ஆகியோருக்கான அடையாள எண்கள், தனிநபர் தரவை அடையாளமிடும் முறை, இரண்டு துறைகளுக்கு மேல் புழங்கும் சொற்கள். மற்றதெல்லாம் அந்தந்தத் துறையின் பாடு. தொழில்நுட்ப ஆலோசகர் ஜமாக் தெஹ்கானி 2019இல் முன்வைத்த டேட்டா மெஷ் (ஒவ்வொரு துறையும் தன் தரவைத் தானே பார்த்துக்கொள்ளும் முறை) கருத்தும் ஆளுகையில் இந்தத் திசையைத்தான் காட்டுகிறது. கூட்டாக எடுத்த விதிகளை மென்பொருள் தளமே தானாக அமல்படுத்த வேண்டும் என்பது அதில் கூடுதல். அதற்கு ஒவ்வொரு துறையிலும் பொறியாளர்கள் வேண்டும். மூன்றே டேட்டா இன்ஜினியர்களை வைத்துக்கொண்டு "நாங்கள் மெஷ்" என்று சொல்லும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே 'கூட்டு' என்பதற்கு 'யாரும் பொறுப்பில்லை' என்று பொருள்.

டேட்டா ஓனர் யார்? ஐடி துறைதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த திட்டங்களில் பாதி இங்கேதான் சறுக்கின.

ஒரு ஆர்டர் படிவத்தில் தொலைபேசி எண் கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். எண் தர விரும்பாத வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார். விற்பனையாளர் என்ன செய்வார்? வரிசையாக ஒன்பதுகளை அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். ஆண்டு முடிவில் டேபிளில் ஆயிரக்கணக்கான ஒன்பதுகள். ஐடியிடம் சொன்னால், ஒரே இலக்கம் தொடர்ந்து வந்தால் ஏற்காதபடி ஒரு சோதனை வைப்பார்கள். அடுத்த வாரம் ஒன்றிலிருந்து வரிசையாக எண்கள் வந்து விழும். விற்பனைத் தலைவர் "எண் தர விரும்பவில்லை என்று ஒரு பட்டன் போடுங்கள்" என்று சொன்ன அன்று பிரச்சினை தீரும்.

அந்தத் தரவு பிறக்கும் வேலைமுறையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஓனர். ஐடி அதற்குக் காவலர்: பத்திரமாக வைத்திருக்கும், கேட்டால் எடுத்துத் தரும், அவ்வளவே. டேட்டா ஸ்டூவர்ட் என்பவர் அன்றாடம் கவனிப்பவர். அவரைப் புதிதாகத் தேட வேண்டாம். சந்தேகம் வந்தால் எல்லோரும் யாருடைய மேஜைக்குப் போகிறார்களோ அவரேதான். பட்டத்தை மட்டும் கொடுத்து வேலையைக் குறைக்காமல் விட்டால் மூன்று மாதத்தில் அவர் அலுத்துவிடுவார். அவருடைய பணி விவரத்தில் எழுதுங்கள், மதிப்பீட்டில் சேருங்கள், வேறு ஒரு வேலையை எடுத்துவிடுங்கள்.

சட்டங்கள் எவ்வளவு தூரம் நம் திட்டத்தைத் தீர்மானிக்கின்றன?

தரைமட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறுவனம் எங்கே இருந்தாலும், அங்குள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்கினால் அது உங்களையும் தொடும். தனிநபர் தரவு கசிந்தால் தெரிந்துகொண்ட 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்பிடம் சொல்ல வேண்டும்; பாதிப்புக்கு வாய்ப்பு குறைவு என்றால்தான் விலக்கு. கடுமையான மீறல்களுக்கு 2 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். சிங்கப்பூர் 2012இலும், இலங்கை 2022இலும், இந்தியா 2023இலும் தங்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை நிறைவேற்றின.

ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எல்லாமே சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கின்றன: யாருடைய தரவு, எதற்காக வாங்கினீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள், எப்போது அழிப்பீர்கள்? இவற்றுக்கு விடை சொல்லும் ஒரு பட்டியல் கையில் இருந்தால், 72 மணி நேரத்தில் முதல் 60 மணி நேரம் தேடுவதிலேயே போகாது.

வாடிக்கையாளர் "என் தரவை அழித்துவிடுங்கள்" என்கிறார், வரிச் சட்டம் விலைப்பட்டியலைப் பல ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அப்போது என்ன? சட்டக் கடமைக்காக வைத்திருக்க வேண்டியதை ஜிடிபிஆரே விலக்குகிறது. விலைப்பட்டியல் இருக்கட்டும், விளம்பரப் பட்டியலிலிருந்து பெயரை எடுங்கள். இந்த முடிவைக் கோரிக்கை வருவதற்கு முன்பே வழக்கறிஞரோடு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தரவு முழுவதையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

அப்படிக் காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள். ஒரே தரவு ஒரு வேலைக்குப் போதும், இன்னொன்றுக்குப் போதாது. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தால் விளம்பரப் பிரிவுக்குக் கவலையில்லை. அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கம் மாறினால் பார்சல் வேறெங்கோ போய்ச் சேரும். எனவே எந்த முடிவு எந்தப் புலத்தை (பெயர், முகவரி போன்ற ஒரு கட்டத்தை) நம்பி நிற்கிறது என்று பார்த்து, இருபது முப்பது புலங்களை மட்டும் கவனியுங்கள். பிழை நுழையும் இடத்திலேயே அடைத்துவிடுங்கள். கீழே ஒருவர் மாதாமாதம் துடைத்துக்கொண்டிருப்பதை மட்டும் 'தர மேம்பாடு' என்று சொல்லாதீர்கள்.

எக்செல் ஷீட்டுகளைத் தடை செய்துவிடலாமா?

ஆசை புரிகிறது. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கோவிட் தொற்றுப் பதிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போயின. ஆய்வகங்கள் அனுப்பியதைப் எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவத்தில் ஏற்றியிருந்தார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. அதே ஆண்டில், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு மார்ச்1 என்ற பெயரை மார்ச்எஃப்1 என்று மாற்றியது. எக்செல் அதைத் தேதி என்று எண்ணி மார்ச் முதல் நாளாக்கிக்கொண்டிருந்ததே காரணம். எக்செல் திருந்தாது, மரபணுவின் பெயரையாவது மாற்றுவோம் என்று விஞ்ஞானிகளே இறங்கிவந்த கதை இது.

இருந்தாலும் தடை பலிக்காது. ஷீட்டுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். மூன்று பேருக்கு மேல் நம்பியிருக்கும் ஷீட்டுகளை மட்டும் பதிவேட்டில் ஏற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள். அதில் எது அடிக்கடி திறக்கப்படுகிறதோ அதைத்தான் அடுத்து முறையான அமைப்பாகக் கட்ட வேண்டும்.

எந்த டூல் வாங்குவது?

முதல் ஆறு மாதம் எதுவும் வேண்டாம். கொலிப்ரா, அலேஷன், மைக்ரோசாஃப்ட் பர்வ்யூ என்று கட்டண டூல்கள் இருக்கின்றன. டேட்டாஹப், ஓப்பன்மெட்டாடேட்டா, அப்பாச்சி அட்லஸ் போன்றவை திறமூலம். எல்லாமே அட்டைகளை அடுக்கி வைக்கும் அலமாரிகள்தான். அட்டை எழுத ஆளில்லாமல் அலமாரி வாங்கினால் காலி அலமாரிக்கு ஆண்டுதோறும் சந்தா கட்டுவீர்கள். ஒரு எண் எந்த டேபிளிலிருந்து எந்த வழியாக டேஷ்போர்டுக்கு வந்தது என்று கையால் தேடித் தேடிச் சலித்த பிறகு வாங்குங்கள். அப்போது என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரியும்.

பிசினஸ் பக்கத்தில் யாரும் ஒத்துழைப்பதில்லை. என்ன செய்வது?

அவர்களிடம் இதுவரை படிவம்தான் கேட்டிருப்பீர்கள். முதலில் எதையாவது கொடுங்கள். மாத முடிவில் இரண்டு நாள் அவர்களைத் தின்னும் ஓர் ஒப்பீட்டு வேலையை நீக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு அட்டையை நீட்டிப் பாருங்கள். 'கவர்னன்ஸ்' என்ற சொல்லையும் கொஞ்ச நாளைக்குப் பேசாமல் இருக்கலாம்.

பலன் இருக்கிறது என்று மேலிடத்துக்கு எப்படிக் காட்டுவது?

எத்தனை கொள்கை எழுதினோம், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்ற எண்களை விட்டுவிடுங்கள். மாத முடிவில் எண்களை ஒத்துப்பார்க்க எத்தனை மணி நேரம் ஆகிறது, ஆக்சஸ் கேட்டவர் எத்தனை நாள் காத்திருக்கிறார், அதே டிக்கெட் எத்தனை முறை திரும்ப வருகிறது: இந்த மூன்றையும் தொடங்கும் முன்பே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகு அளந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

ஏஐ வந்துவிட்டதால் எதாவது மாறுகிறதா?

பழைய அலட்சியத்துக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. பொது ஃபோல்டர் ஒன்றில், 'எல்லோரும் பார்க்கலாம்' என்ற அனுமதியோடு, நான்கு வருடத்துக்கு முன் யாரோ போட்ட சம்பள உயர்வு ஷீட் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நாள் அதைக் காப்பாற்றியது, அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததுதான். நிறுவனக் கோப்புகளைப் படித்துப் பதில் சொல்லும் ஏஐ உதவியாளரை இணைத்த அன்று, "எங்கள் டீமில் அதிகச் சம்பளம் யாருக்கு?" என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டால் போதும். உதவியாளர் எந்த விதியையும் மீறவில்லை. அனுமதி இருந்தது, படித்தது. எனவே இணைப்பதற்கு முன் பொது ஃபோல்டர்களின் அனுமதிகளைச் சரிபாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஏஐ சட்டத்தில் 10ஆம் பிரிவு, அதிக ஆபத்துள்ள அமைப்புகளின் பயிற்சித் தரவுக்கு ஆளுகை நடைமுறைகளைக் கேட்கிறது: எங்கிருந்து வந்தது, எப்படித் தயாரித்தீர்கள், சார்பு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அந்த வகையில் நீங்கள் வராவிட்டாலும் கேள்விகள் உங்களுக்கும் பொருந்தும்.

திட்டத்தை எப்போது திருத்துவது?

ஆண்டுக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் குறிப்பதைவிட நிகழ்வுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: இன்னொரு நிறுவனத்தை வாங்கும்போது, புதிய மென்பொருளுக்கு மாறும்போது, புதிய நாட்டில் விற்கத் தொடங்கும்போது, ஓனர் மாறும்போது. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நடப்பது, அதிகம் தவறுவதும். அட்டையில் 'முடிவு சொல்பவர்' என்று இருக்கும் ஆள் எட்டு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார். மனிதவளப் பிரிவிடம் பேசி, வேலையை விடும்போது நிரப்பும் படிவத்தில் லேப்டாப், அடையாள அட்டை என்று வரும் வரிகளுக்குக் கீழே 'இவர் பெயரில் உள்ள தரவு வரையறைகள் யாருக்கு மாற்றப்பட்டன?' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.